கேள்வி-பதில்: ஸ்டீல் பீமும் கார்பன் பட்டையும்

ஸ்டீல் பீமுக்கு வலு கூட்ட, அதில் கார்பன் இழைப் பட்டையைப் பசையால் ஒட்டுவது உண்டு. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைக் கணினியில் மாடல் செய்வது பற்றியவை. நேராகக் கேள்விகளுக்கே போகலாம்.

மாடலில் பசை பிளவதைக் காட்டும் கோஹீசிவ் எலிமென்ட் வைத்தும் பட்டை கழலவே இல்லை. எவ்வளவு சுமை ஏற்றினாலும் அப்படியே நிற்கிறது. முறிவு ஆற்றல் (ஒட்டைப் பிளக்கத் தேவைப்படும் ஆற்றல்) 1000 கொடுத்திருக்கிறேன். – மாணவர், திருமங்கலம்

1000 என்றால் எந்த அலகில்? நியூட்டன், மில்லிமீட்டரில் மாடல் செய்துவிட்டு, முறிவு ஆற்றலை மட்டும் சதுர மீட்டருக்கு ஜூல் என்ற கணக்கில் போட்டிருக்கிறீர்கள். அங்கே 1000 என்பது இங்கே 1. ஆயிரம் மடங்கு பிடிப்புள்ள பசை எப்படிக் கழலும்? கடிதம் எழுதும் முன் அலகைப் பாருங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது!

மெஷ்ஷை (மாடலைப் பிரிக்கும் கட்டங்களை) பொடியாக்கப் பொடியாக்கப் பட்டை முனையில் ஸ்ட்ரெஸ் (தகைவு) ஏறிக்கொண்டே போகிறது. எங்கே நிறுத்துவது? – திருப்பரங்குன்றம்

எங்கே நிறுத்தினாலும் அந்த எண்ணை நம்ப முடியாது. சிதைவையே கணக்கில் எடுக்காத எலாஸ்டிக் மாடலில் கூர்முனை இருந்தால் அங்கே ஸ்ட்ரெஸுக்கு எல்லையே கிடையாது. அந்த உச்சத்தைப் பசையின் வலிமையோடு ஒப்பிட்டு பாஸ், ஃபெயில் போடாதீர்கள். கோஹீசிவ் மாடலுக்கு மாறுங்கள். சிதைவு நடக்கும் நீளத்துக்குள் மூன்று முதல் ஐந்து எலிமென்டாவது இருக்கட்டும். ஷியரை (பட்டையை நீளவாக்கில் வழுக்க வைக்கும் விசையை) மட்டும் பார்த்து பீலை (பட்டையை உரித்தெடுக்கும் விசையை) விட்டுவிட வேண்டாம். முனையில் கழலும் வேலையைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் அதுதான்.

ஒட்டும் நீளத்தை இரட்டித்தால் வலிமையும் இரட்டிக்குமா?

இரட்டிக்காது. ஒரு நீளத்துக்கு மேல் தாங்கும் சுமை கூடாது. சாதாரணப் பட்டைக்கு அது ஏறத்தாழ 100 மி.மீ., பசையையும் பட்டையையும் பொறுத்து முன்பின் ஆகும். மேற்கொண்டு ஒட்டுவதால் கிடைப்பது, கழல்வதற்கு முன் கொஞ்சம் அவகாசம்.

கப்பலூரில் ஒரு ஷெட். தகரக் கூரைக்கு அடியில் உள்ள பீமில் கார்பன் பட்டை ஒட்டப்போகிறோம். டேட்டா ஷீட்டில் உள்ள பசை மதிப்புகளை அப்படியே மாடலில் போடலாம் அல்லவா?

கூடாது. அந்தத் தாளை இன்னொரு முறை படியுங்கள். வலிமைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 23 டிகிரி என்றோ அதற்கு நெருக்கமாகவோ இருக்கும். மதுரையில் 23 டிகிரி எப்போது? மார்கழி விடியலில். அக்னி நட்சத்திரத்தில் நிழலிலேயே 40 அடிக்கிற ஊர் இது. தகரத்தை ஒட்டியிருக்கும் பீம் 50-ஐச் சாதாரணமாகத் தொடும்.

சாதாரண வெப்பத்தில் இறுகும் எப்பாக்சி பசைகள் பலவற்றின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை 45 முதல் 65 டிகிரிக்குள் விழும். அதை நெருங்கினாலே பசை வெயிலில் வைத்த கமர்கட்டு மாதிரி இளகும். பட்டைக்கு ஒன்றும் ஆகாது, ஸ்டீலுக்கும் ஆகாது, நடுவில் இருப்பது மட்டும் கைவிடும். மாடலோ 23 டிகிரியில் நின்றுகொண்டு எல்லாம் நலம் என்று அறிக்கை கொடுக்கும். என்னிடம் வரும் மாடல்களில் வெப்பநிலை என்ற ஒன்றே இருப்பதில்லை. வண்ண வண்ணப் படம் மட்டும் பத்துப் பக்கம்.

இன்னொன்று. ஸ்டீல் டிகிரிக்கு மீட்டருக்கு 12 மைக்ரான் விரியும். கார்பன் பட்டை நீளவாக்கில் கிட்டத்தட்ட விரியவே விரியாது. ஒட்டிய பிறகு 30 டிகிரி ஏறினால், சுமை எதுவும் இல்லாமலே பட்டையில் 60 மெகாபாஸ்கல் வரை இழுவிசை வரும். அது முழுவதும் முனைப் பசை வழியாகத்தான் போயாக வேண்டும். ஆகவே நிலைமாற்ற வெப்பநிலை உயர்ந்த பசையாகத் தேடுங்கள், மே மாத வெப்பத்தில் சோதித்த மதிப்பைக் கேட்டு வாங்குங்கள், வெப்ப விரிவையும் சுமையோடு சேர்த்து ஓட்டுங்கள். மேற்பரப்பு கிரிட் பிளாஸ்டிங் (கரடுத் துகளை வேகமாக வீசிச் சுத்தம் செய்வது) ஆகியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். அடுத்த கடிதம் அப்படி நினைக்கவிடவில்லை.

உப்புத்தாளால் தேய்த்தால் போதாதா? – உசிலம்பட்டி

போதாது. நீங்கள் எடுத்தாளும் பாண்ட்-ஸ்லிப் வளைவுகள் (பட்டை வழுக்க வழுக்க ஒட்டு எவ்வளவு தாங்கும் என்று காட்டுபவை) பெரும்பாலும், பிளவு பசைக்குள்ளேயே நடக்கும் என்று வைத்து எழுதியவை. துருவும் எண்ணெயும் உள்ள ஸ்டீலில் பசை தோல் உரிவதுபோல முழுசாகக் கழன்று வரும். அப்போது உங்கள் வளைவு எதைக் கணக்கிடுகிறது? கிரிட் பிளாஸ்டிங், தூசி அகற்றல், அன்றைக்கே ஒட்டுதல்.

அந்த வளைவு பைலீனியரா (உச்சம் தொட்டதும் இறங்குவது), டிரபீசாய்டா (உச்சத்தில் கொஞ்சம் தட்டையாக நிற்பது)? – மேலூர்

விறைப்பான பசைக்கு முதலாவது, நன்றாக நீளும் பசைக்கு இரண்டாவது.

கார்பனை ஸ்டீலில் நேரடியாக ஒட்டினால் துருப் பிடிக்குமா?

ஈரம் புகுந்து கார்பனும் ஸ்டீலும் தொட்டுக்கொண்டால் ஸ்டீல் அரிக்கும். நடுவில் கண்ணாடி இழைத் துணி ஒரு அடுக்கு வையுங்கள். அப்புறம் அந்த அடுக்கை மாடலிலும் சேருங்கள்.