பாக்கெட் வைத்த சுடிதார்

அன்புள்ள அக்கா,

காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. காலை ரயிலைப் பிடித்தால் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். ஆறாவது படிக்கும் மகள், சர்க்கரை நோய் உள்ள மாமியார், சமையல் எல்லாம் என் தலையில்தான். எனக்குத் தையல் என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர். அம்மாவின் பழைய பட்டுப்புடவையில் மகளுக்குப் பாவாடை, கைத்தறிப் புடவையில் எனக்குக் குர்த்தி என்று ஆசையாக ஆரம்பிப்பேன். முடிப்பதில்லை. அரைகுறையாகத் தைத்ததெல்லாம் ஒரு கட்டைப்பை நிறையக் கிடக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஒவ்வொருத்தியும் இரண்டே நாளில் எதையெதையோ தைத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். பார்த்தால் வயிறு எரிகிறது. கணவர், "நானூறு ரூபாய்க்கு ரெடிமேடு கிடைக்குது, எதுக்கு இந்தப் பாடு" என்கிறார். தோழிகள் பொட்டிக் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். மோட்டார் வைத்த புது மெஷின் வாங்கினால் வேகம் வருமா?

இதுவரை உருப்படியாக முடித்தது ஒரே ஒரு சுடிதார். அதில் இரண்டு பக்கமும் பாக்கெட் வைத்திருந்தேன். ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போனால், "என்ன, கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்துட்டியா?" என்று சிரித்தார்கள். அதையும் இப்போது போடுவதில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் இதற்கு நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது? நீங்களும் தைப்பீர்கள் என்று ஒரு கட்டுரையில் படித்ததால் கேட்கிறேன். பெயர் வேண்டாம், ஆபீசில் உங்கள் தளத்தைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

*

அன்புள்ள தங்கைக்கு,

நேரத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தச் சுடிதாரை வெளியே எடுங்கள். யாரோ நாலு பேர் சிரித்தார்கள் என்று, சொந்தக் கையால் முழுசாக முடித்த ஒரே உடுப்பை மடித்து உள்ளே வைத்துவிட்டு, என்னிடம் வந்து நேரம் போதவில்லை என்கிறீர்களே, உங்களை என்ன செய்ய?

போன வாரம்தான் தங்கையின் பேத்திக்கு ஜீன்ஸ் வாங்க வேலூரில் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். பத்து வயதுப் பெண். போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள், "பாட்டி, இதுல கை போகல" என்றாள். குனிந்து பார்த்தால், பாக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் அழகாக ஒரு வளைவுத் தையல், இரண்டு முனையிலும் செப்பு நிறத்தில் குமிழ். உள்ளே பை இல்லை! பாக்கெட்டின் படத்தைத் தைத்து வைத்திருக்கிறான். பக்கத்து வரிசையில் அதே கம்பெனி பையன்களுக்குத் தைத்த ஜீன்ஸ் தொங்கியது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, வலது பக்கம் பாக்கெட்டுக்குள்ளேயே குட்டியாக இன்னொன்று. விற்பனைக்கு நின்ற பெண்ணைக் கேட்டேன். "கேர்ள்ஸுக்கு அப்படித்தான் மேடம் வரும்" என்றாள். அவள் யூனிஃபார்மிலும் பாக்கெட் கிடையாது. பில் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேனாவைக் கொண்டையில் செருகியிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு ஆறவில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இனி நான் எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டாகிராம் சமாசாரத்தை விடுங்கள். ரீலில் யாரும் தையல் பிரிப்பதைக் காட்டுவதில்லை. பொட்டிக்? வேண்டாம். ஊரார் புடவைக்கு ஃபால், பீகோ அடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையையும் கணக்குப் பிரிவாக்கிக்கொள்வீர்கள். மெஷினுக்கு மோட்டார் வைக்கலாம், தப்பில்லை. உங்கள் துணிகள் நின்று கிடப்பது மிதியின் வேகம் போதாமல் அல்ல, அவ்வளவுதான்.

என் அத்தை குடியாத்தத்தில் வாக்கப்பட்டவள். மாமா வீட்டில் கைலித் தறி. அது வட ஆற்காடு மாவட்டம் என்று தபால் உறையில் எழுதிய காலம். இப்போது உங்களுக்கு ஒரே ரயிலில் வேலூர் மாவட்டத்தில் ஏறித் திருப்பத்தூர் மாவட்டத்தில் இறங்க வேண்டியிருக்கிறது, 2019-இல் செய்த பங்கீடு. அந்த வீட்டில் சாவிக்கொத்து மாமியார் இடுப்பில். தறியில் விழுந்த காசு மாமாவின் பட்டாபட்டி டிராயர் பாக்கெட்டில். அத்தைக்கென்று ஒரு தகர டப்பா கூடக் கிடையாது, அதையும் யாராவது திறந்து பார்ப்பார்கள். அவளுக்கு இருந்தது உள்பாவாடையில் அவளே தைத்துக்கொண்ட ஒரு பாக்கெட்.

அதை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நாடாவுக்குக் கீழே வலது பக்கம், கை தானாகப் போய் விழுகிற சாய்வில் வாய். பை, தறியில் மிஞ்சிய கைலித் துண்டு, நீலமும் சிவப்பும் கட்டம் போட்டது. வாயோரத்தை மடித்து அடிக்காமல், துண்டின் ஓரக்கரையையே அங்கே வரும்படி வெட்டியிருந்தாள். கரை பிசிறாது, இழுபடாது. நடுவில் ஒரு பிரஸ் பட்டன். பாவாடை எத்தனையோ சலவைக்கு வெளுத்துப்போய் இருந்தது, பாக்கெட் வாய் மட்டும் தைத்த அன்று இருந்த மாதிரியே நேராக இருந்தது.

அதற்குள்தான் ரொம்ப நாள் ஒரு அடகுச் சீட்டு இருந்தது. கம்மலை வைத்து ஒரு பழைய சிங்கர் மெஷின் வாங்கினாள். மாமியாரிடம், மெஷின் அண்ணன் கொடுத்தது என்றும் கம்மல் திருகாணி தேய்ந்து அம்மா வீட்டில் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டாள். திண்ணையில் மெஷினைப் போட்டு அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்தாள். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வரும். அதற்கு முந்தின பத்து நாள் அவள் படுத்து யாரும் பார்த்ததில்லை. வந்த துட்டு பாக்கெட்டுக்குள் போய், அங்கிருந்து அடகுக் கடைக்குப் போய், கம்மல் காதுக்குத் திரும்பியது. வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்போது நான் சின்னப் பெண், பாபினில் நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை, யாரும் என்னை ஆளாகக் கணக்கு வைக்கவில்லை.

தெருவில் எந்தப் பெண் அளவு கொடுக்க வந்தாலும் உள்பாவாடையில் பாக்கெட் வைத்துத்தான் அனுப்புவாள். அதற்குத் தனிக் கூலி இல்லை. ஒருத்தி, "பொம்பளைக்கு இன்னாத்துக்குக்கா ஜோபி?" என்று கேட்டுவிட்டாள். அத்தை வாயில் இருந்த நூலைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "உன் ஊட்டுக்காரனுக்கு இன்னாத்துக்கு நாலு ஜோபின்னு போய்க் கேட்டுகினு வா. அப்பால நான் சொல்றேன்."

இதை அந்தக் காலத்துக் கதை என்று ஒதுக்கப் பார்ப்பீர்கள். உங்களுக்குச் சம்பளம் வருகிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, அடகுச் சீட்டை ஒளிக்க வேண்டியதில்லை. சரி, காட்பாடி ரயில் நிலையத்தில் காலையில் நின்று பாருங்கள். ஆண்கள் இரண்டு கையையும் வீசிக்கொண்டு வருகிறார்கள். பெண்களில் அப்படி ஒருத்தியைக் காட்டுங்கள். ஒரு கையில் போன், ஒரு தோளில் ஹேண்ட்பேக், அதைத் திறந்தால் சாவி அடியில், சீசன் டிக்கெட் சாப்பாட்டு டப்பாவுக்கும் கீழே. அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணம் இல்லை, அதனால் சில்லறை தேடுகிற அவஸ்தை மட்டும் தீர்ந்தது. மற்றபடி ஏறும்போது ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையில் போனைப் பிடித்து, புடவைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு ஏறுகிறோம். ஜாக்கெட்டுக்குள் போனைச் செருகிக்கொள்கிறோம், வியர்வையில் அது நனைந்து கெட்டுப்போகிறது. இதையெல்லாம் ஒருத்தரும் பார்த்துச் சிரிப்பதில்லை. நீங்கள் பாக்கெட் வைத்தால் சிரிக்கிறார்கள்.

வெள்ளைக்காரப் பெண்களும் பட்டிருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆணின் உடுப்பிலேயே பை தைத்திருக்கும். பெண்ணுக்கோ, நாடாவில் கோத்த தனிப் பை ஒன்றை இடுப்பில் கட்டி, பாவாடைக்குள் மறைத்து, பக்கவாட்டுத் திறப்பு வழியாகக் கையை விட வேண்டும். நம் பாட்டிகள் இடுப்பில் செருகிய சுருக்குப்பைதான். அந்த நூற்றாண்டு முடிகிற சமயத்தில் உடம்போடு ஒட்டிய கவுன் வந்தது. பை துருத்தியது. பையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஹேண்ட்பேக் வந்த வழி அது. இன்று ரெடிமேடு கம்பெனிக்காரனுக்கு இன்னொரு லாபமும் உண்டு: பாக்கெட் என்றால் கூடுதல் துணி, கூடுதல் தையல், ஒரு உருப்படிக்குச் சில நிமிடம். அதை மிச்சம் பிடிக்கிறான். உங்கள் கணவர் சொல்கிற நானூறு ரூபாய் குர்த்தியில் கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

1924-இல் காந்தியிடம் ஒருவர், எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டபோது, அவர் சிங்கர் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்து ஓய்ந்துபோவதைப் பார்த்து, அவள்மேல் வைத்த அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தியின் நம்பிக்கை. பாவம் காந்தி. 1851-இல் காப்புரிமை வாங்கிய அந்த ஐசக் சிங்கர் ஒரே சமயத்தில் பல வீடு வைத்துக் குடும்பம் நடத்தியவர், பிள்ளைகள் மட்டும் இருபதுக்கு மேல். எந்த மனைவியின் விரலைப் பார்த்து இரங்கினாரோ! ஆனால் அத்தை அந்த மெஷினுக்கு ஆயுத பூஜை அன்று வைத்த பொட்டைப் பார்த்தவள் நான். காந்தி சொன்ன காரணம்தான் பிசகு, கொடுத்த விலக்கு நியாயமானதுதான்.

இப்போது உங்கள் கட்டைப்பைக்கு வருகிறேன். அதில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் பரப்புங்கள். எங்கெங்கே நின்றிருக்கிறது என்று பாருங்கள். ஒன்று கை ஏற்றும் இடத்தில், ஒன்று ஜிப் வைக்கும் இடத்தில், ஒன்று கழுத்துப் பைப்பிங்கில். பந்தயம் கட்டுகிறேன், நேர்த்தையலில் நின்றது ஒன்றுகூட இருக்காது. கஷ்டமான இடம் வந்ததும் அதைச் சுருட்டி வைத்துவிட்டுப் புதுத் துணியை விரித்திருக்கிறீர்கள். அதற்கு நேரமின்மை என்று பெயர் வைத்துக்கொண்டீர்கள். அந்தச் சுடிதார் மட்டும் ஏன் முடிந்தது? அதே வேலை, அதே ரயில், அதே மாமியார்தானே? ரயிலில் போனை வைக்க உங்களுக்கு இடம் வேண்டியிருந்தது, அதனால் முடிந்தது. மற்றதெல்லாம் யாரோ பார்த்து "நீயே தச்சதா!" என்று கேட்பதற்காக ஆரம்பித்தவை. கேட்கட்டும், நல்லதுதான், ஆனால் அந்த ஆசை ஜிப்பைத் தாண்டி வராது.

நீங்கள் வேலை செய்கிற கட்டடத்திலேயே தையல் பிரிவு இருக்குமே, போய் நின்றிருக்கிறீர்களா? ஷூவின் மேல்தோலை நாள் முழுக்கத் தைக்கிற பெண்கள். ஒரு ஊசி தப்பினால் தோலில் ஓட்டை விழும், பிரித்துத் தைக்க முடியாது. அவர்கள் பலர் வீட்டுக்குப் போய் அரசாங்கம் கொடுத்த இலவச மெஷினில் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் போய் உட்காருங்கள். ஜிப் எப்படி ஏற்றுவது என்று கேளுங்கள். எந்த ரீலும் சொல்லாததைச் சொல்லுவார்கள்.

நேரம் பற்றிக் கேட்டீர்கள். வெட்டுவதற்கு மட்டும்தான் குறுக்கீடில்லாத நேரம் வேண்டும், அதை ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள். தையலை ராத்திரி ஒரு மூட்டு, மறுநாள் ஒரு மூட்டு என்று பிய்த்துப் பிய்த்துச் செய்யலாம். ஹெம்மிங், ஹூக், பட்டனெல்லாம் ரயிலில். அவ்வளவுதான், இதற்கு மேல் இதில் ரகசியம் இல்லை. பட்டுப்பாவாடைக்கு ஒரு எச்சரிக்கை: பழைய பட்டு மடிப்பு விழுந்த இடத்தில்தான் இற்றிருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து அந்தக் கோடுகளை விலக்கி வெட்டுங்கள். லைனிங்கை நனைத்துக் காயவைக்காமல் வெட்டினால் முதல் சலவையிலேயே சுருங்கிப் பாவாடையை மேலே இழுக்கும், அழுவீர்கள்.

சுடிதார் பாக்கெட்டில் உங்களுக்கு ஒரு சங்கடம் வந்திருக்கும், எழுதவில்லை. இடுப்புக்கும் சைடு ஓப்பன் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம்தான். வாய்க்கு ஆறரை அங்குலம் விட்டால் பை ஓப்பனுக்குக் கீழே இறங்கி, நடக்கும்போது எட்டிப் பார்க்கும். கண்டக்டர் என்று சிரித்தது அதைப் பார்த்துத்தான் இருக்கும். பையைச் சும்மா தொங்க விடாதீர்கள். அடிப்பாகத்தை முன்பக்கமாகச் சாய்த்து வெட்டி, அதன் ஓரத்தை முன்துணியின் ஓப்பன் மடிப்புக்குள் சேர்த்து அடித்துவிடுங்கள். பை வயிற்றுப் பக்கம் படிந்துகொள்ளும், வெளியே வராது. மெல்லிய காட்டன் என்றால் போன் கனத்துக்கு வாய் தொங்கிப்போகும். ஏதாவது பழைய புடவையின் கரையை அரை அங்குலம் கிழித்து, வாயோரத்தில் உள்ளே வைத்து அடியுங்கள். பைக்குக் கைலித் துணி போடுங்கள், கடையில் லைனிங் என்று கொடுப்பது சாவி பட்டால் ஓட்டையாகிவிடும்.

இதைச் சரி செய்து அதே சுடிதாரை ஆபீசுக்குப் போட்டுப் போங்கள். இரண்டு கையையும் வீசிக்கொண்டு போங்கள். சிரித்தவர்களில் யாராவது ஒருத்தி ஒரு மாதத்துக்குள் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கும் இப்படி ஒண்ணு தச்சுத் தர்றியா?" என்பாள். தைத்துக் கொடுங்கள். பொட்டிக் வேண்டாம் என்று சொன்னது நான்தான், இருந்தாலும் அவளிடம் மட்டும் கூலி வாங்காமல் விடாதீர்கள், பாக்கெட்டுக்குத் தனியாக.

அன்புடன்,
அக்கா