மருத்துவரிடம் கேளுங்கள்: அம்மாவின் பிஸ்கட் ரின்னுக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. கிளினிக்கில் பிரஷருக்கு லொசார்ட்டன், அம்லோடிபின், சீனிக்கு மெட்போமின், அதோடு அஸ்பிரினும் எடுக்கிறார். முழங்கால் நோவுக்கு வேறு ஒரு டொக்டர் டைக்குளோபெனக் தந்தார், அது மூன்று மாதமாகப் போகிறது. நித்திரை வராததால் பக்கத்து வீட்டு ஆன்ரி தந்த டயசிபாம் இடைக்கிடை பாதி. ஒரு மாதமாகத் தலைச்சுத்து, கால் வீக்கம். சில நேரம் என்னைப் பெரியக்காவின் பெயரால் கூப்பிடுகிறார். போன கிழமை கிணற்றடியில் விழுந்துவிட்டார். வயது போனால் இப்படித்தான் என்கிறார்கள், உண்மையா?
- ஒரு மகள், கொக்குவில்

பதில்: விழுந்தபோது தலை அடிபட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. அடிபட்டிருந்தால், அல்லது விழுந்த பிறகு குழப்பம் கூடியிருந்தால், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அஸ்பிரின் எடுக்கும் வயதானவருக்கு மண்டைக்குள் இரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து, சில கிழமை கழித்துத்தான் வெளியே தெரிவதும் உண்டு. மிச்சத்தை அதற்குப் பிறகு வாசியுங்கள்.

வயது போனால் இப்படித்தான் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஒரு மாதத்துக்குள் வந்த தடுமாற்றத்தை எப்படி வயதின் தலையில் கட்டுவது? முதலில் குளிசைகளைத்தான் சந்தேகிக்க வேண்டும். டைக்குளோபெனக் நோவைக் குறைக்கும், சரி. ஆனால் அது உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், பிரஷரை ஏற்றும், அஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் புண் வந்து இரத்தம் கசியலாம், லொசார்ட்டனோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் பாரம். டொக்டர் எழுதிக் கொடுத்தது ஒரு கிழமைக்காக இருக்கலாம். அந்தத் துண்டையே காட்டிப் பாமசியில் மாதக்கணக்கில் வாங்குவது எங்கள் வீடுகளில் நடக்கிறது, எனக்கு இதில் உண்மையாகவே கவலை.

கால் வீக்கம் அம்லோடிபினாலும் வரும். அது மருந்தால் வந்தது என்று தெரியாமல் வீக்கத்துக்கென்று நீர் போகிற குளிசை ஒன்றைச் சேர்த்தால், அம்மா இரவில் மூன்று தரம் எழும்புவார், நித்திரை இன்னும் கெடும், நித்திரைக் குளிசை அரையிலிருந்து முழுசாகும், பிறகு அந்த மயக்கத்தோடு இருட்டில் கக்கூசுக்கு நடக்க வேண்டிவரும். இப்படி ஒரு மருந்தின் தொல்லைக்கு இன்னொரு மருந்து என்று போய்த் தொடை எலும்பு முறிவில் முடிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டயசிபாம் இளையவர் உடம்பைவிட முதியவர் உடம்பில் கனநேரம் தங்கும். இரவு போட்ட பாதி, அடுத்த நாள் பின்னேரமும் உள்ளேதான் நிற்கும். அமெரிக்க முதியோர் மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991இல் தன் குழுவோடு, வயதானவர்களுக்குக் கூடியவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அது பிறகும் பல தரம், 2023இலும், திருத்தப்பட்டது. டயசிபாம் இன்றும் அதில் இருக்கிறது.

இதை வாசித்துவிட்டு எல்லாவற்றையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். பிரஷர் மருந்தைத் திடீரென விடக்கூடாது, நாள்தோறும் எடுத்துப் பழகிய நித்திரைக் குளிசையையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வீட்டில் இருக்கிற அத்தனையையும், ஆன்ரி தந்தது, கைமருந்து, லேகியம், பூசுகிற ஜெல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய் டொக்டரின் மேசையில் கொட்டுங்கள். அம்மாவை இருத்தியும் நிற்பாட்டியும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியாற்றினின் என்ற இரத்தப் பரிசோதனையும் இரத்த உப்புகளும் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள்.

என்னிடம் ஒரு அம்மா பழைய பிஸ்கட் ரின்னோடு வந்தார். திறந்தால் கிளினிக்கில் கொடுத்த சின்னக் கடதாசி உறையில் லொசார்ட்டன், அடியில் வெளியில் வாங்கிய ஒரு மட்டை, பெயர் வேறு, பின்பக்கத்தைத் திருப்பிச் சின்ன எழுத்தை வாசித்தால் அதுவும் லொசார்ட்டன். இரண்டு மாதமாக இரண்டையும் விழுங்கியிருக்கிறார். கதிரையால் எழும்பினால் உலகமே சுத்துது என்றார், சுத்தாமல் என்ன செய்யும்? மருந்தைக் கம்பனிப் பெயரில் அல்லாமல் பொதுப்பெயரில் எழுத வேண்டும் என்று பேராசிரியர் சேனக பிபிலே 1970களிலேயே வலியுறுத்தினார். இந்த ரின்னைப் பார்த்தபோது அவரைத்தான் நினைத்தேன்.

கேள்வி: எனக்கு 71. கனடாவிலிருந்து மகன் அனுப்பிய இரவு டைலினோல் எடுத்தால் நன்றாக நித்திரை வருகிறது. ஆனால் மூத்திரம் முக்கி முக்கித்தான் போகிறது. தொடரலாமா?
- வாசகர், சுன்னாகம்

பதில்: வேண்டாம் ஐயா. டைலினோலில் இருப்பது அசெட்டமினோபென், எங்கள் பனடோலும் அதேதான். இரவு வகையில் டைபென்ஹைட்ரமின் என்ற ஒன்றும் சேர்ந்திருக்கும். உங்களுக்கு நித்திரை தருவதும் அது, மூத்திரத்தை அடைப்பதும் அது. மலச்சிக்கலும் மறதியும்கூட வரும். தடிமனுக்கு எடுக்கிற பிரிட்டன் (Piriton) குளிசையும் அதே வகைதான். காய்ச்சல் என்று மேலே பனடோலும் போட்டால் இரண்டும் ஒரே கணக்கில் ஏறும். ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் போகக்கூடாது, மெலிந்தவர்களுக்கு அதிலும் குறைவு. மூத்திரம் முற்றாக நின்றால் விடியும்வரை பார்த்திருக்காமல் ஓட்டோ பிடியுங்கள். நிற்காவிட்டாலும் புரஸ்டேற்றைக் காட்டத்தான் வேண்டும்.

கேள்வி: நல்லூர்த் திருவிழா 25 நாளும் அம்மம்மா ஒருநேரம்தான் சாப்பிடுவார். சீனிக் குளிசையை வழமைபோல எடுக்கலாமா?
- பேத்தி, நல்லூர்

பதில்: எந்தக் குளிசை என்பதில்தான் விஷயம். மெட்போமின் மட்டும் என்றால் சீனி ஒரேயடியாகக் கீழே போவது அரிது. கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்றவை சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் சீனியை இறக்கிக்கொண்டேயிருக்கும், அதிலும் கிளிபென்கிளமைட் பியர்ஸ் பட்டியலில் உள்ளது. கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமை முந்தியே கிளினிக்கில் சொல்லி அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதுவியுங்கள். விரதத்தில் வியர்த்தாலோ, கை நடுங்கினாலோ, பேச்சுக் குழம்பினாலோ, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே பருக்குங்கள். தெளிந்ததும் சோறு கொடுத்து, ஆஸ்பத்திரியில் ஒருக்கால் காட்டுங்கள், இந்தக் குளிசைகளால் விழுந்த சீனி திரும்பவும் விழும். மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழையுங்கள்.