பெரிய டீச்சரிடம் கேளுங்கள்: இந்த வாரம் பள்ளியிலிருந்து வந்த தகவல்கள்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில் 31 வருடம் வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். இந்த வாரம் அவரவர் பள்ளியிலிருந்து வந்த அறிவிப்பை வைத்துக்கொண்டு பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும் கீழே.

பேரனும் பேத்தியும் என் பொறுப்பில். மகனும் மருமகளும் திருப்பூரில். எனக்குப் பட்டன் போன்தான். எல்லாம் வாட்சப்பில் வருகிறதாமே, நான் என்ன செய்ய?

ஐயா, நேரே வகுப்பு டீச்சரிடம் போய், "எனக்கு வாட்சப் கிடையாது, டைரியில் எழுதி அனுப்புங்க" என்று சொல்லிவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வகுப்புக்கு நாலைந்து வீடு அப்படித்தான் இருக்கும். குரூப்பில் இருப்பவர்கள் மட்டும் என்ன வாழ்கிறார்களாம்? அறுபது 'காலை வணக்கம்' பூப்படத்துக்கு நடுவே அறிவிப்பைத் தேட வேண்டியிருக்கிறது.

தப்பு எங்கள் பக்கமும் உண்டு. ஒரு வியாழக்கிழமை "நாளை கலர் டிரஸ்" என்று போட்டேன். பாதிப் பேர் அதை வெள்ளிக்கிழமை காலையில்தான் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமையும் வேலை நாள், 'நாளை' அதுதான் என்று நினைத்துவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் பட்டுப்பாவாடையும் ஜிகினாச் சட்டையுமாக வந்து நின்றார்கள், மற்றவர்கள் யூனிஃபார்மில். ஒரு வாண்டு அழுதே விட்டது. அன்றிலிருந்து 'நாளை' என்று எழுதுவதை விட்டேன். தேதியும் கிழமையும் சேர்த்துத்தான் எழுதுவேன். உங்கள் டைரியில் 'நாளை' என்று வந்தால், எந்தத் தேதி என்று கேட்டுவிடுங்கள்.

"ஆதார், பிறப்புச் சான்றிதழ் நகல் திங்களுக்குள் தரவும்" என்று வந்திருக்கிறது. சேர்க்கும்போதே கொடுத்தேனே?

எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறைக் கம்ப்யூட்டர் பதிவில் பெயர் ஒட்டவில்லை என்று அர்த்தம், அம்மா. ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவு மூன்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து, ஒரே பிறந்த தேதி இருக்க வேண்டும். நம் ஊரில் இதுதான் பெரிய வம்பு. பிறப்புச் சான்றிதழில் யாழினிக்கு ஆங்கிலத்தில் 'இசட் எச்' போட்டிருக்கும், ஆதாரில் வெறும் 'எல்'. ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுசாக. பிள்ளை ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்.

பிறப்புச் சான்றிதழைத் தாயாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு மாற்றுங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கே அதுதான் ஆதாரம் என்று சட்டம் வந்துவிட்டது. சான்றிதழில் பெயரே இல்லாமல் 'ஆண் குழந்தை' என்று நிற்கிறதா? பிறப்பைப் பதிந்து 12 மாதத்துக்குள் என்றால் பெயர் சேர்க்கக் கட்டணமில்லை. அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை சேர்க்கலாம். தள்ளிப் போடாதீர்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரும் வயதில் அலைந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. ஐந்து வயதுக்கு முன் எடுத்த ஆதாரில் கைரேகை, கருவிழி இருக்காது. ஐந்து முடிந்ததும் பதிய வேண்டும், ஏழு வயதுக்குள் என்றால் இலவசம். பள்ளிக்கே ஆதார் மெஷின் வருகிற தேதி அறிவிப்பில் வந்தால் அன்றைக்கு லீவு மட்டும் போடாதீர்கள்.

என் பெண் வீட்டில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய் பள்ளியிலும் சாப்பிடுகிறாள். தப்பா?

தப்பென்ன? பசிக்கிறது, சாப்பிடுகிறாள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கொன்று, சாம்பாரோடு. சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: முதல் மணிக்கு முன்பே பரிமாறி முடித்துவிடுவார்கள். கடைசி நிமிடத்தில் கொண்டு வந்து இறக்கிவிட்டால் பிள்ளைக்குக் காலிப் பாத்திரம்தான். மதியச் சத்துணவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இலவசச் சீருடை நான்கு செட்டும் அந்தப் பட்டியலை வைத்துத்தான் வரும்.

குடற்புழு மாத்திரை கொடுக்கப் போகிறார்களாம். போன வருடம் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா?

எழுதிக் கொடுக்கலாம், ஆனால் நானாக இருந்தால் அப்படி எழுதமாட்டேன். அது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், கடித்து மென்று தின்ன வேண்டிய மாத்திரை. வயிற்றில் பூச்சி நிறைய இருந்தால் லேசான வயிற்று வலி, குமட்டல், வாந்தி வருவதுண்டு. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள். அன்று காய்ச்சலாக இருந்தாலோ வேறு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், கொடுக்கமாட்டார்கள். விடுபட்ட பிள்ளைகளுக்கு இன்னொரு நாள் வைத்திருப்பார்கள். வாங்கிக்கொண்டு பையில் போட்டுக்கொள்கிற கில்லாடிகள் உண்டு, அதனால்தான் எதிரிலேயே தின்னச் சொல்கிறோம்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனை 'அரும்பு' குழுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி, ஃபெயில் பிள்ளைகளைத்தான் அதில் போடுவார்கள் என்கிறாள். மனசு கஷ்டமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்தது அவ்வளவுதான், விடுங்கள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் பிடிக்க 2022-ல் வந்தது எண்ணும் எழுத்தும் திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்பவை பிள்ளை இப்போது எங்கே நிற்கிறான் என்று காட்டுகிற படிகள். தமிழில் அரும்பில் இருப்பவன் கணக்கில் மலரில் இருப்பதும் உண்டு. தேறினால் குழு மாறும்.

என் வகுப்பில் ஒருவன் 'கா'வையும் 'கூ'வையும் போட்டுக் குழப்பிக்கொண்டே இருந்தான். புத்தகத்தை மூடிவிட்டு, அவன் அப்பா கடைப் பலகையில் இருந்த 'கூல் டிரிங்ஸ்' என்பதைப் படிக்கச் சொன்னேன். 'கூ' அன்றோடு பிடிபட்டது. சோப்பு உறை, பஸ் பலகை என்று தினம் நாலு வார்த்தை வாசிக்கச் சொல்லுங்கள். தங்கச்சி இருந்தால் அவள் முன்னால் மட்டும் வேண்டாம், கூச்சப்படுவான்.

அம்மை போட்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றியதும் அனுப்பலாமா?

கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும், அதுதான் கணக்கு. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகும் ஒன்றிரண்டு ஈரமாக இருந்தால் வீட்டிலேயே வையுங்கள். பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தெரிந்ததிலிருந்து ஐந்து நாள். லீவு லெட்டர் பிறகு வரட்டும், முதலில் டீச்சருக்கு ஒரு போன்.

வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டமாம். நான் நூறு நாள் வேலைக்குப் போகிறவள். நான் போய் என்ன பேச?

போங்கம்மா. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பெண்கள் இருக்க வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்காகவே அமைத்த குழு. ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு போங்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறதா, அதைச் சொல்லுங்கள். தீர்மான நோட்டில் எழுதியதை வாசிக்கக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் வேண்டாம்.

மழை லீவு உண்டா என்று ராத்திரியே எப்படித் தெரிந்துகொள்வது?

கலெக்டர் அறிவித்தால் லீவு. அதுவரை யார் ஃபார்வர்டு செய்தாலும் பையை அடுக்கி வையுங்கள்.