கட்டில் மேல் சீப்பு, சுவரில் மேகம்

கேள்வி: வீட்டுப் பொருள்களை வானத்தோடும் கடற்கரையோடும் கலந்து வரையும் சர்ரியலிச (கனவுபோல் யதார்த்தத்தை மீறும்) ஓவியங்கள் வெறும் விசித்திரம்தானா? அவற்றை எப்படிப் பார்ப்பது?

பதில்: விசித்திரம் என்பது முதல் பார்வைக்கு மட்டுமே. பெல்ஜிய ஓவியர் ரெனே மாக்ரித் 1952-இல் வரைந்த ‘சொந்த மதிப்புகள்’ ஓவியத்தில், படுக்கையறைச் சுவர்கள் வெண்மேகங்கள் மிதக்கும் நீலவானமாக இருக்கின்றன. கட்டிலின் மேல் ஆளுயரத்தையும் மிஞ்சிய ஒரு சீப்பு நிற்க, தரையில் ஒரு கண்ணாடிக் குவளையும் தீக்குச்சியும் சோப்பும், அலமாரியின் உச்சியில் முகச்சவரத் தூரிகையும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. எந்தப் பொருளின் உருவத்தையும் அவர் சிதைக்கவில்லை. அளவையும் இடத்தையும் மட்டுமே மாற்றியிருக்கிறார். அதனாலேயே, தினமும் கையில் எடுத்தும் நாம் கவனிக்காத சீப்பை முதன்முறையாக உற்றுப் பார்க்கிறோம்.

ஸ்பானிய ஓவியர் சால்வதோர் தாலி 1931-இல் வரைந்த ‘நினைவின் நிலைபேறு’ இதற்கு நேர்மாறானது. அங்கே கடிகாரங்கள் இளகித் தொங்குகின்றன. பின்னணியிலுள்ள பாறைகளோ அவர் சிறுவயது முதல் அறிந்திருந்த ஸ்பெயினின் கத்தலோனியா பகுதியிலுள்ள கிரேயுஸ் முனைக் கடற்கரையைச் சேர்ந்தவை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலுள்ள இந்த ஓவியம் வெறும் 24 செ.மீ. உயரமும் 33 செ.மீ. அகலமும் கொண்டது என்பதைப் பலர் அறிவதில்லை. தாலியின் புகழ் பெரிது. ஆயினும், உருவத்தைக் குலைக்காமலே நம்மைத் திகைக்க வைக்கும் மாக்ரித்தின் வழியே கடினமானது என்பது என் கருத்து. ஓவியத்தில் எது உள்ளபடியே இருக்கிறது என்பதை முதலில் தேடுங்கள். மாற்றப்பட்டது எது என்பது அதன்பின் தானே தெளிவாகும்.