மனைவியை இழந்தவரை என்னவென்று அழைக்கிறோம்?

"அன்றாடத் தமிழில் ஆண் பெண் பாகுபாடு இருக்கிறது என்பது மிகைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட சொல் எதுவும் உங்கள் வீட்டார் மேல் விழக் கேட்டதில்லை போலும், நல்லது.

என் தந்தை இறந்தபோது எனக்கு ஏழு வயது. அன்று முதல் அம்மாவைச் சுட்டி விதவை, கைம்பெண், அறுதலி, தாலியறுத்தவள் என்று எத்தனையோ கேட்டுவிட்டேன். குழாயடியில் சண்டை மூண்டால் முண்டச்சியும் சேர்ந்துகொள்ளும். சில ஆண்டுகளில் பெரியம்மா இறந்தார். பெரியப்பாவை "பாவம், பொண்டாட்டியப் பறிகொடுத்தவரு" என்றார்கள். ஆண்டு திரும்புவதற்குள் அதுவும் நின்றுபோய், அவர் பழையபடி வெறும் பெரியப்பா ஆனார்.

தமிழைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். காதலியை இழந்தவன் நிலையைத் தபுதார நிலை என்றும், காதலனை இழந்தவள் நிலையைத் தாபத நிலை என்றும் தொல்காப்பியப் புறத்திணையியல் அடுத்தடுத்து வைத்தே பேசுகிறது. தபுதாரன் என்ற சொல்லை அகராதியில் விட்டுவிட்டு வந்தவர்கள் நாம்தான். மலடனும் அகராதியில் இருக்கிறான். திண்ணைப் பேச்சில் மலடி மட்டும்தான். வாழாவெட்டிக்கோ ஆண்பாலே கிடையாது.

அம்மா சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, ஆதரவற்ற விதவைச் சான்று வாங்க வேண்டியிருந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் படுக்கையில் கிடந்த மாமியாருக்கும் ஆதரவாக இருந்தவரின் பெயருக்கு முன்னால் 'ஆதரவற்ற' என்று எழுதியிருந்ததை, பள்ளிச் சிறுவனாகிய நானும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். சலுகைக்கான சொல்தானே என்பீர்கள். சலுகை வேண்டியதுதான், அதைக் குறை சொல்லவில்லை.

என் திருமண அழைப்பிதழின் மாதிரிப்படியை அச்சகத்தில் பார்த்தபோது, 'காலஞ்சென்ற' என்ற அடைமொழியோடு அப்பாவின் பெயர் இருந்தது, அழைப்பவர் என்ற இடத்தில் பெரியப்பா இருந்தார், அம்மாவைக் காணோம். "வழக்கமா இப்படித்தான் சார் போடுவோம்" என்றார் அச்சகக்காரர். பெரியப்பாவும் துணையை இழந்தவர்தான் என்று நான் சொன்னபோது அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அம்மாவின் பெயரை முதலில் போடச் சொன்னேன். "முன்னால திருமதி போடலாமா சார்?" என்று தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா, "போடுங்க. பேருக்குக் கீழ சத்துணவு அமைப்பாளர், ஓய்வுன்னும் போடுங்க" என்றார்.