மதுரையில் இருந்துகொண்டே சினிமா பயிற்சியும் உதவியும் பெற வழி இருக்கிறதா?

ஒரு குறும்படம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று கேட்கிறீர்கள். வழி இருக்கிறது, ஊரை நிரந்தரமாக விட வேண்டியதில்லை.

முறையான படிப்புதான் வேண்டுமென்றால் சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியைப் பாருங்கள். அரசுக் கல்லூரி என்பதால் செலவு குறைவு. புனே, கொல்கத்தாவில் உள்ள திரைப்படப் பயிற்சி நிறுவனங்கள் அதற்கு அப்புறம்.

கையில் கதை இருக்கிறது, படிக்க நேரமில்லை என்றால் ஆய்வகங்கள், அதாவது கதையை மெருகேற்றும் பயிலரங்குகள்தான் சரி. தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்தும் திரைக்கதை ஆய்வகத்தில் அனுபவமுள்ளவர்கள் உங்கள் பிரதியை வரி வரியாக அலசுவார்கள். கோவாவில் நடக்கும் அதன் திரைப்படச் சந்தையான பிலிம் பஜாரில் பாதி முடிந்த படத்துக்கும் இடமுண்டு. கோவா திரைப்பட விழாவோடு சேர்ந்த இளம் கலைஞர் திட்டத்தில் 2024-இல் 100 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 48 மணி நேரத்தில் குறும்படம் எடுக்கும் போட்டி அதில் உண்டு.

பணம் என்றால் நெதர்லாந்தில் நடக்கும் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதியைக் கவனியுங்கள். ஆசியப் படைப்பாளிகளுக்கு எழுத்து நிலையிலேயே உதவுகிறார்கள். மேலூர்ப் பக்கத்து இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் 2021-இல் ‘கூழாங்கல்’ படத்துக்கு முதன்மைப் பரிசான டைகர் விருது வாங்கியதும் அதே விழாவில்தான். நம் மண்ணின் வெயிலையும் பேச்சையும் அப்படியே வைத்த படம் அது! எனவே விண்ணப்பத்தில் உங்கள் ஊரை மறைத்து எழுதாதீர்கள்.

உடனே செய்ய வேண்டியது: மதுரையில் 1998 முதல் நடந்துவரும் ஆவணப்பட, குறும்பட விழாவுக்குப் போய் முழுநாளும் உட்காருங்கள். உங்கள் படத்தையும் அனுப்புங்கள்.