மருத்துவர் பதில்: 20ஆம் தேதிக்கே தீர்ந்துபோகும் மாத்திரை

கேள்வி: எனக்கு 31 வயது. காரைக்குடி பக்கம் எங்கள் பழைய வீட்டில் இருந்தபடி பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குக் கணக்குப் பார்க்கிறேன். 3 வருடம் முன்பு அங்கே இருந்தபோது ஏடிஎச்டி (கவனம் நிற்காத கோளாறு) என்று சொல்லி மெத்தில்பெனிடேட் மாத்திரை ஆரம்பித்தார்கள். இப்போது 20 மி.கி. எஸ்.ஆர். (மெதுவாக மருந்து விடும்) மாத்திரை, காலையில் 1, மதியம் 1. முதல் மாதம் சந்தைக்கடையாக இருந்த தலை, ஆளில்லாத வளவு (வீட்டின் உள்முற்றம்) மாதிரி அமைதியாகிவிட்டது. இப்போது அந்த அமைதி வருவதே இல்லை. அதனால் நானாக 3 போடுகிறேன். வேலை நெருக்கும் நாளில் 4. சீக்கிரம் ஏறட்டும் என்று சில சமயம் கடித்து மென்றுவிடுகிறேன். மாதத்துக்கு எழுதிய 60 மாத்திரை 20ஆம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. மீதி நாளுக்குச் சென்னை நண்பன் கூரியரில் அனுப்புகிறான். வாய் காய்கிறது, விரல் நுனி சில்லிடுகிறது, பசி இல்லை, தூங்க இரவு 3 மணி ஆகிறது. எலுமிச்சை மருந்தை முறித்துவிடும் என்று படித்து அதையும் விட்டுவிட்டேன். மெக்னீசியம் சாப்பிட்டால் டாலரன்ஸ் (மருந்துக்கு உடம்பு பழகிப்போவது) இறங்குமா? ஒரு மாதம் நிறுத்தி 'ரீசெட்' செய்யலாமா? மூளையில் டோபமினை ஏற்கும் வாங்கிகள் கருகிவிடும் என்கிறார்களே? போன மாதம் படைப்புக்கு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) வந்த பங்காளிகள் என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன பிறகும் சில இரவு அந்தப் பேச்சு கேட்கிறது. நான் போதைக்கு அடிமையாகிவிட்டேனா? ஆத்தாவிடம் எதுவும் சொல்லவில்லை.

பதில்: தம்பி, நாளைக் காலை அந்த மாத்திரையைப் போட வேண்டாம். மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பார்க்கும்வரை வேண்டாம். இரண்டு நாளுக்குள் பாருங்கள். ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வாய் வறட்சி முதல் எலுமிச்சை வரை எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதிவிட்டு, பங்காளிகள் பேச்சை மட்டும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதைப் படித்துத்தான், வரிசையில் இருந்த மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு உங்களுடையதை முதலில் எடுத்தேன்.

செட்டிநாட்டு வீட்டில் அடுத்தவர் பேச்சு காதில் விழுவது அதிசயமில்லை. நானும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன்தான். முகப்பில் தும்மினால் இரண்டாம் கட்டிலிருந்து 'நூறு' என்று குரல் வரும். படைப்புக்கு நாலு புள்ளி (குடும்பம்) கூடினால் யாராவது யாரையாவது பற்றிப் பேசத்தான் செய்வார்கள். பெங்களூரில் இருந்த பையன் இப்படி வீட்டோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறானே என்று உங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். அதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் அவரவர் ஊருக்குக் கிளம்பி, நீங்கள் கதவைப் பூட்டிய பிறகும் பேச்சு கேட்கிறது என்றால், அது வளவிலிருந்து வரவில்லை.

இந்த மருந்து செய்வது இவ்வளவுதான்: மூளையில் சுரக்கும் டோபமின், நாரட்ரினலின் என்ற ரசாயனங்களை உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் கொஞ்ச நேரம் நிற்க வைக்கிறது. அளவோடு நின்றால் கவனம் கூடுகிறது. அளவுக்கு மேல் போய், தூக்கமும் கெட்டால், மூளை எல்லாவற்றிலும் அர்த்தம் தேட ஆரம்பிக்கிறது. எதிர் வீட்டுக்காரர் இருமினால் நமக்காகத்தான் இருமுகிறார் என்று தோன்றும். அடுத்தது குரல். நீங்கள் 4 போடும் நாளில் 80 மி.கி. உள்ளே போகிறது. பொதுவாக நாங்கள் 60ஐத் தாண்டுவதில்லை. போதாததற்கு எஸ்.ஆர். மாத்திரையைக் கடித்து மெல்கிறீர்கள். பல மணி நேரத்துக்குப் பிரித்துப் பிரித்து வெளிவர வேண்டிய மருந்து மொத்தமும் ஒரே மூச்சில் இறங்குகிறது.

இதைப் படித்ததும் போனை எடுத்து 'மனச்சிதைவு' என்று தட்டிப் பார்க்க வேண்டாம். மருந்தால் வந்த சந்தேகமும் குரலும் மருந்து நின்றால் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். அடங்காமல் நின்றால் வேறு காரணம் தேட வேண்டும். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல முடியும். கடிதம் படிக்கிற நான் சொல்ல முடியாது.

திடீரென்று நிறுத்தியதும் 2, 3 நாள் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வரும், பசி பொங்கும், மனம் சோர்ந்து கிடக்கும். எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த நாட்களில் தனியாக இருக்கக் கூடாது. அவ்வளவு பெரிய வீட்டில் மாடி அறையில் தனியாகப் படுக்கவே கூடாது. செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அல்லது குரல் உங்களை ஏதாவது செய்யச் சொன்னால், இரண்டு நாள் கணக்கெல்லாம் கிடையாது. 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது உடனே பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழில் பேசுவார்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

சரி, டாலரன்ஸுக்கு வருவோம். உடம்பு இந்த மருந்துக்குப் பழகுமா என்றால், பழகும். ஆனால் நீங்கள் மூன்று விஷயத்தை ஒரே பேரேட்டில் எழுதிவைத்திருக்கிறீர்கள்.

முதல் மாதத்து அமைதி, அந்தப் புதுத்தெம்பு, யாருக்குமே நிற்காது. கண்ணாடி போட்ட முதல் நாள் வேப்பமர இலை ஒவ்வொன்றாகத் தெரிகிறதே என்று வியக்கிறோம். மாதம் கழித்து யாராவது வியக்கிறோமா? கண்ணாடி வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அந்த வியப்பைத் துரத்திக்கொண்டு மாத்திரை கூட்டுவதுதான் முதல் தப்பு. இரண்டாவது, ஒரே நாளுக்குள் நடக்கும் பழக்கம். காலையில் கேட்ட அளவு சாயங்காலம் கேட்காது. இது தெரிந்துதான் சில நீண்ட நேர மாத்திரைகளை, நேரம் ஆக ஆகக் கொஞ்சம் கூடுதலாக மருந்து விடும்படி செய்திருக்கிறார்கள். இதற்கு மாத்திரையின் வகையையோ நேரத்தையோ மருத்துவர் மாற்றுவார். மூன்றாவது, மாதக்கணக்கில் பலன் மெல்லக் குறைவது. அதுவும் சிலருக்கு உண்டு. ஆனால் அந்தப் பெயரோடு என்னிடம் வருகிறவர்களில் பலருக்குக் கெட்டுப்போயிருப்பது மாத்திரை இல்லை, தூக்கம்.

உங்கள் ஒரு நாளை எழுதிப் பாருங்கள். இரவு 3 மணிக்குப் படுத்து 8 மணிக்கு எழுகிறீர்கள் என்று வைப்போம். தூங்காத மூளைக்கும் ஏடிஎச்டி மூளைக்கும் காலை 10 மணிக்கு வித்தியாசம் கண்டுபிடிப்பது எனக்கே கஷ்டம். இரண்டும் சாவியை எங்கோ வைக்கும், ஒரே வரியை நாலு தடவை படிக்கும். நீங்கள் அதை 'மருந்து கேட்கவில்லை' என்று படிக்கிறீர்கள். சாயங்காலம் 4 மணிக்கு மூன்றாவது மாத்திரை. அது இரவு 3 மணிவரை உங்களை விழிக்க வைக்கிறது. மறுநாள் இன்னும் மந்தம், இன்னொரு மாத்திரை. கணக்குப் பார்க்கிறவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை: வட்டி கட்டவே புதுக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

டோஸை மட்டும் பார்த்து ஏமாறுவது நோயாளிகள் மட்டுமில்லை, நானும்தான். ஒரு பள்ளி ஆசிரியை, மாதத்தில் ஒரு வாரம் மாத்திரை சுத்தமாக வேலை செய்வதில்லை என்று வந்தார். இரண்டு மாதத்தில் இரண்டு தடவை டோஸை ஏற்றினேன். மூன்றாவது தடவை அவரே சமையலறையில் தொங்கிய தினசரி காலண்டர் தாள்களைக் கிழித்துக்கொண்டு வந்து மேசையில் பரப்பினார். மோசமான நாட்களில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. எல்லாக் குறியும் மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் இருந்தது. சில பெண்களுக்கு அந்த நாட்களில் இந்த மருந்தின் பலன் குறையும். நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஏற்றிய டோஸை இறக்கினேன்.

உங்களுக்கும் அப்படிக் கேட்க வேண்டியவை இருக்கின்றன. குறட்டை உண்டா, தைராய்டு எப்படி, ரத்தசோகை உண்டா, மது உண்டா, பெங்களூரிலிருந்து வீட்டுக்கு வந்தபின் மனச்சோர்வு ஏதாவது சேர்ந்துகொண்டதா? எதையும் பார்க்காமல் டாலரன்ஸ் என்று முடிவுகட்டியது யார், இன்டர்நெட்டா?

மற்றவை சீக்கிரம் முடியும். வாய் காய்ந்தால் தண்ணீர் குடியுங்கள். விரல் நுனி சில்லிடுவது ரத்தக்குழாய் கொஞ்சம் சுருங்குவதால். நிறம் மாறி வலித்தால் மட்டும் சொல்லுங்கள். பசி விஷயத்தில், மறுபடி எப்போது மாத்திரை ஆரம்பித்தாலும், அதைப் போடுவதற்கு முன்பே வயிறார வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் சாப்பிட்டுவிடுங்கள். மதியம் சாப்பாடு இறங்காதது அப்போது பெரிதாகத் தெரியாது. மெக்னீசியம் டாலரன்ஸை இறக்கும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. காசை மிச்சம் பிடியுங்கள். எலுமிச்சைக் கதை அமெரிக்காவில் கொடுக்கும் ஆம்ஃபெட்டமின் வகை மருந்துக்கானது. அதற்குப் புளிப்புடன் கொஞ்சம் சண்டை உண்டு. நீங்கள் சாப்பிடுவது அது இல்லை. ஊறுகாய் ஜாடியைப் பரணிலிருந்து இறக்குங்கள்.

வாங்கிகள் கருகும் கதைக்கு ஒரு ஆய்வைக் காட்டுவார்கள். 2013இல் வந்தது, மொத்தம் 18 பேர். ஒரு வருடம் மருந்து சாப்பிட்டபின், டோபமினைத் திரும்ப உறிஞ்சும் புரதம் சுமார் கால் பங்கு கூடியிருந்தது. மருந்துக்கு ஏற்ப மூளை தன்னைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று அதிலிருந்து சொல்லலாம். கருகுவது என்பது தலைப்பு வைத்தவர்களின் சரக்கு. இது நேற்று வந்த மருந்தும் இல்லை. முதலில் தயாரித்தது 1944இல். தயாரித்தவர் தன் மனைவியின் செல்லப் பெயரை வைத்துத்தான் இந்த மருந்துக்கு ரிட்டாலின் என்றே பெயரிட்டார்.

'ரீசெட்' கேட்டீர்கள். உங்களை இப்போது நிறுத்தச் சொல்வது அதற்காக இல்லை, குரலுக்காக. குரல் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். இடைவெளி விடுவது சிலருக்கு உதவும், ஆனால் எழுதிக்கொடுத்தவர் அதை முடிவு செய்யட்டும். நீங்களோ ஒரு மாதம் விட்டுவிட்டு, பழைய அமைதி வந்துவிடும் என்று மறுபடி 3இல் தொடங்குவீர்கள். எனக்குத் தெரியும்.

எங்கே போவது? சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மதுரைக்குப் போக முடிந்தால் அரசு ராஜாஜி மருத்துவமனை. வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம். பெங்களூர் மருத்துவருக்கும் இன்றே போன் போட்டுச் சொல்லுங்கள். திட்டுவாரோ என்ற பயத்தில்தானே 2 என்றே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்? அவர் 2 என்று நம்பி அடுத்த சீட்டை எழுதுகிறார். 4 என்று தெரிந்தால் எழுத மாட்டார், வேறு யோசிப்பார். அட்டாமாக்செட்டின் மாதிரி வேறு வகை மருந்தும் இருக்கிறது. பலன் தெரியச் சில வாரம் ஆகும், ஆனால் ஏறி இறங்கும் ஆட்டம் அதில் இல்லை.

நண்பரின் கூரியர் இன்றோடு நிற்கட்டும். இந்த மருந்து ஷெட்யூல் எக்ஸ் என்ற, கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் இருக்கிறது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றை மருந்துக்கடைக்காரர் 2 வருடம் எடுத்துவைக்க வேண்டும். போதைப்பொருள் சட்டத்திலும் இதன் பெயர் உண்டு. உங்கள் பெயரில் சீட்டு வைத்து வாங்கிச் சாப்பிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. சீட்டில்லாமல் அட்டை ஊர்விட்டு ஊர் வந்தால் வம்பு உங்களுக்கும் உண்டு, உங்களுக்கு உதவ நினைத்த பாவத்துக்கு அவருக்கும் உண்டு.

அடிமையா என்றால், உடம்பு பழகுவதும் அடிமையாவதும் ஒன்றில்லை. நீங்கள் மயக்கத்துக்காகப் போடவில்லை, கணக்கை முடிக்கப் போட்டீர்கள். அதை நம்புகிறேன். ஆனால் எழுதியதற்கு மேல் போடுவது, முன்கூட்டியே தீர்வது, வேறு வழியில் வாங்குவது, வீட்டில் மறைப்பது என்று நாங்கள் கேட்கும் கேள்விகளில் நாலுக்கு நீங்களே 'ஆமாம்' எழுதிவிட்டீர்கள். பெயரை நேரில் பார்க்கிறவர் வைக்கட்டும். பெயர் எதுவானாலும் இதற்குச் சிகிச்சை இருக்கிறது, இதற்காக உங்களை யாரும் போலீசில் பிடித்துக் கொடுக்கப்போவதில்லை.

ஆத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். இரவு 3 மணிக்கு மாடியில் விளக்கு எரிவது அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? மீதி இருக்கும் மாத்திரையை அவர் கையில் கொடுங்கள், சாமி அறை அலமாரியில் பூட்டி வைக்கட்டும். காலி அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கூரியரில் வந்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோய் மருத்துவரின் மேசையில் கொட்டுங்கள். அவர் எண்ணிக்கொள்வார்.